கிரீஸ் கறை

“பாபி, உங்க கையில இன்னா, கிரீஸா?” என்று நண்பன் மனைவியிடம் கேட்டான் மெக்கானிக் ஜான் பாஷா.

சைரா சட்டென்று கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். “துணி துவைச்சேன். உங்க தோஸ்த் சட்டையில கிரீஸ் இல்லாத நாள் ஏது?” என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள். ஜான் பாஷா அவள் போன பக்கத்தையே ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வாசலில் அவள் புருஷன் ஹம்மாத் பைக்கின் கிக்கரை மிதித்துக்கொண்டிருந்தான். எண்பதாவது மிதியாவது இருக்கும். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

சீட்டே இல்லாத வண்டி அது. ஆம்பூரில் அதைப் பார்க்கிறவர்கள் “சீட்டை எவன் லவட்டிக்கிட்டுப் போனான்?” என்று கேட்காமல் நகர மாட்டார்கள். நின்றபடியே, கால் தரையில் படாமல் பாறை ஏறுவதற்கென்றே செய்த டிரையல்ஸ் வண்டி. மூன்று கை மாறி ஹம்மாத்திடம் வந்தது. மழை பெய்தால் முறைத்துக்கொள்ளும், வெயில் ஏறினால் முரண்டு பிடிக்கும். புது மாப்பிள்ளை தோற்றான் போங்கள்!

ஆனால் இன்றைக்குப் போயா? காட்பாடிப் பக்கம் பாறைமேட்டில் பதினோரு மணிக்குப் போட்டி. ஷூ கம்பெனியில் ஹம்மாத் வேலை பார்க்கும் கட்டிங் செக்‌ஷனே லீவு போட்டுவிட்டு வந்து நின்றது. தெருவின் ஒரு முனையில் இருபத்திரண்டு பேரோடு வேன், மறு முனையில் வண்டியை ஏற்றிப்போகக் குட்டியானை மினி லாரி. நடுவில் ஹம்மாத். ஒரு பூனைகூட நழுவிப் போயிருக்க முடியாது.

போன வருஷம் இதே போட்டியில்தான் பாறையிலிருந்து விழுந்தான். அவன் கீழே, வண்டி மேலே. முட்டியில் பிளேட், வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். “அடுத்த வருஷம் அதே பாறையில ஏறிக் காட்டறேன்” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் படுத்துக்கொண்டே சவால் விட்டான். கூட வேலை பார்க்கும் இன்பராஜ் அந்தச் சவாலை அப்படியே பேனராக அடித்துத் தெருமுனையில் கட்டிவிட்டான்.

சைரா மட்டும், “வண்டி பாறை ஏறிச்சுன்னா நான் மேல்விஷாரத்துக்கு பஸ் ஏறிடுவேன்” என்று சொல்லியிருந்தாள். மேல்விஷாரம் அவள் அம்மா வீடு.

“ஜெர்சியாவது போட்டு ரெடியா இருடா, டைம் ஆச்சு” என்று இன்பராஜ் மஞ்சள் பனியனை நீட்டினான்.

“மொதல்ல வண்டி ஸ்டார்ட் ஆகட்டும், மாத்திக்கிறேன்.”

ஜான் பாஷா பிளக்கைக் கழற்றித் துடைத்தான். அப்புறம் புது பிளக்கே போட்டான். பெட்ரோல் வந்தது, காற்று வந்தது, கரண்ட் மட்டும் வரவில்லை. ஹம்மாத் வியர்த்து வழிந்தபடி, நட்டும் வாஷரும் கிடந்த தட்டைக் குனிந்து ஓரமாக எடுத்து வைத்தான்.

டீயோடு வந்த சைரா, அவன் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வாஷரைக் கிள்ளித் தட்டில் போட்டாள். “ஆறிடும், குடிங்க” என்றாள். வேன்காரர் ஹாரனை விடாமல் அடித்தார்.

ஒயரைத் தடவிக்கொண்டே போன ஜான் பாஷாவின் விரல் ஹேண்டில்பாரில் நின்றது. “பாய், இங்க ரவுண்டா ஒரு குழி காலியா இருக்குதே, இன்னா இருக்கும் இதுல?”

ஹம்மாத் எட்டிப் பார்த்தான். “காந்தம். அதுல ஒரு கயிறு இருக்கும், கையில மாட்டிக்கணும். விழுந்தா காந்தம் கழண்டுக்கும், இன்ஜின் நின்னுடும். அது இல்லாம ஸ்டார்ட் ஆகாது.”

“அடப்பாவி, எண்பது கிக் அடிச்சப்புறமா சொல்றது? பேஜாரு பாய் நீ! சரி, ஒயரை நேரா குடுத்துடவா?”

“கயிறு இல்லாம அங்க உள்ள விடமாட்டாங்க.”

“நேத்து சாயங்காலம் நானே பார்த்தேனே, தொங்கிட்டுத்தானே இருந்துச்சு?” என்றான் இன்பராஜ். “அப்ப யாரு எடுத்தது?”

ஜான் பாஷா திரும்பிச் சைராவின் கையைப் பார்த்தான். இன்பராஜும் பார்த்தான். வேனிலிருந்து இறங்கி வந்தவர்களும் பார்த்தார்கள்.

சைரா காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். புருஷனை ஒரு தடவை பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தான் எடுத்தேன். பின்னாடி கெணத்துல வீசிட்டேன். இப்ப இன்னான்றீங்க?”

அவ்வளவுதான், தெருவே கொதித்தது. “படிச்சவங்க பண்ற வேலையா பாபி இது? இத்தனை பேரு லீவு போட்டு வந்திருக்கோம்!” என்று இன்பராஜ் கத்தினான். “பொண்டாட்டிக்கு பயந்தவனுக்கு பாறை எதுக்குடா?” என்றது வேனிலிருந்து ஒரு குரல்.

அவர்கள் அவளைத் திட்டத் திட்ட ஹம்மாத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளோ அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

வேன் போனது. குட்டியானை வெறுமனே திரும்பியது. ஜான் பாஷா ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே நடந்தான்.

சைரா கதவைத் தாழிட்டாள். சோப்புத் தண்ணீர் நிறைந்த பக்கெட்டைக் காலால் நகர்த்திவிட்டு, புருஷனிடம் கையை நீட்டினாள்.

“சட்டையைக் கழட்டிக் குடுங்க, ஊற வெக்கணும். பாக்கெட்ல இருக்கிற காந்தத்தை மட்டும் எடுத்துடுங்க.”