மாதிரியில் உள்ளபடி

முதலாளி விட்ட அறையில் ஓவியனின் உதடு கிழிந்தது.

“ஆத்துல இது என்னடா கறை? என் மச்சான் வரைஞ்ச வரைக்கும் இது இருந்துச்சா? அவன் சொல்லாமக் கொள்ளாம ஓடினதும் உங்களுக்கெல்லாம் குளிர் விட்டுப்போச்சு!”

காய வைத்திருந்த நகல்களை எட்டி உதைத்தார். எல்லாவற்றிலும் ஒரு புகழ்பெற்ற ஓவியத்தின் ஆற்றுப் பாலம். அதன் கீழே, ஒரே இடத்தில், பழுப்புச் சிவப்பில் ஒரு தெறிப்பு.

“மாதிரிப் படத்துல இருக்குங்க. மூளையக் கழட்டி வெச்சிட்டு, இருக்கறத அப்படியே வரைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“எதிர்த்தா பேசுற?” படச் சட்டத்துக்கான கட்டையை எடுத்து அவன் முதுகில் விளாசினார்.

வண்ணம் குழைத்துக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி எழுந்து சுவரருகே போனாள். அங்கே மாட்டியிருந்த மாதிரிப் படத்தின் கறையை நகத்தால் சுரண்டினாள். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“பெயிண்ட் இப்படி உதிராது. இது ரத்தம்.”

முதலாளியின் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

“என் தம்பி ஓடிப்போயிட்டான்னுதானே சொன்னீங்க?”

அவள் பட்டறைக் கதவை உள்ளிருந்து தாழிட்டாள். திரும்பியபோது, கட்டை ஓவியனின் கையில் இருந்தது.

“அடி,” என்றாள்.