வீட்டுக்குப் போனவர்களின் செருப்புகள்

ஜப்பானில், ஊறுகாய்க் கம்பெனி ஒன்றின் நுழைவாசலில் மாலை வெயில் சாய்வாக விழுந்து கிடக்கிறது. வெளியே பெயர்ப்பலகையில் இருப்பது முராகோஷி என்கிற குடும்பப் பெயர். உள்ளே, செருப்பு அலமாரிக்கு முன்னால், அந்தக் குடும்பத்தின் பெரியவர் முதுகு வளையாமல் நிற்கிறார். அலமாரியில் மூன்று ஜோடி செருப்புகள் இருக்கின்றன. ஒன்றின் அறுந்த வார் சிவப்புக் கம்பளி நூலால் கட்டப்பட்டிருக்கிறது. "நேபாளத்துப் பசங்க போயாச்சா?" என்கிறார். "அப்பவே போயிட்டாங்கப்பா. படிக்க வந்த பசங்க. சட்டம் சொன்ன நேரத்துக்கு மேல வேலை பார்த்து மாட்டினா, படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. நான் வெச்சுப்பேனா?" மகன் தத்சுயா சாவிக்கொத்தை விரலில் சுழற்றுகிறான். "வெறுங்காலோடயா போனாங்க?" "பழசுப்பா, விட்டுட்டுப் போயிருப்பாங்க." பெரியவர் ஒரு செருப்பைத் தொட்டுப் பார்க்கிறார். மத்தியான மழையின் ஈரம் இன்னும் காயவில்லை. பூட்டிய உள்கதவின் அடியில் வெள்ளை வெளிச்சம் கோடாகத் தெரிகிறது; அதை ஒரு நிழல் கடக்கிறது. "உள்ள என்னடா சத்தம்?" "மெஷின்ப்பா. தானா ஓடும்." கதவுக்குப் பின்னால் யாரோ அடக்கி அடக்கி இருமுகிறார்கள். "மெஷினுக்குச் சளி பிடிச்சிருக்கோ?" சாவிக்கொத்து சுழல்வது நிற்கிறது. பெரியவர் சிமெண்டுத் தரையில் மெல்ல மண்டியிடுகிறார். செருப்புகளை ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, விடைபெறும் விருந்தாளிக்கு வைப்பது போல, முனை வாசலைப் பார்க்கும்படி தரையில் திருப்பி வைக்கிறார். சிவப்பு நூல் கட்டிய ஜோடியையும் வைத்த பிறகு, எழாமலே, மகனை ஏறிட்டுப் பார்க்காமலே, சாவிக்காகக் கையை நீட்டுகிறார்.