மறுபடியும் வாயைத் தொறங்க

ட்டுர்ர்ர்... தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்புகிற சத்தம் கேட்டதுமே சுலோசனா சலித்துக்கொண்டாள்.

“வந்துடுச்சுய்யா தொண்டை டாக்டரு!”

வண்டியை நிறுத்திவிட்டு வந்த நிர்மலாதேவி வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. மனுஷனிடமிருந்து மாட்டுக்கும், மாட்டிடமிருந்து மனுஷனுக்கும் தாவுகிற கிருமியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். சுலோசனாவின் மாட்டுக்கு மடி வீங்கியதும், போன வாரம் வந்து பால் எடுத்துப் போனார். கறக்கிறவர், குடிக்கிறவர் எல்லார் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டுத் தடவிக்கொண்டு போனார்.

“எல்லாரும் மன்னிக்கணும். போன வாரம் எடுத்ததை ஃபிரிட்ஜ்ல வைக்க மறந்துட்டேன். கெட்டுப்போச்சு. மறுபடியும் எடுக்கணும்.”

“நல்லா இருக்கும்மா! நான் ஒரு வேளை பால் ஊத்த மறந்தா இந்தத் தெருவே சண்டைக்கு வரும். நீங்க இன்னாடான்னா...”

“விடு சுலோசனா,” என்றார் அவள் புருஷன் கமலக்கண்ணன். “அந்தக் கிருமி பேரு இன்னா மேடம்?”

“ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.”

“பீச்சாண்ட தெருவுக்கு வெள்ளக்காரன் வெச்ச பேரு மாதிரி இருக்குது!”

“பேரு கெடக்கட்டும்,” என்றாள் சுலோசனா. “யார்கிட்டேருந்து என் மாட்டுக்கு வந்துச்சுன்னு சொல்லட்டும். அன்னையோட அந்த ஆளு காலு இந்தக் கொட்டாயில படாது. தெருவுல வேற எந்த வீட்லயும் சேத்துக்கவும் விடமாட்டேன்.”

மறுபடி குச்சிக்காகக் கூடிய வரிசையின் கடைசியில் நின்ற மாலாவுக்கு எச்சில் விழுங்கவே வலித்தது. அந்தத் தெருவில் மாடு வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் பால் கறப்பவள் அவள்தான். வேறு பிழைப்பு கிடையாது.

ஒவ்வொருவராகச் சுலோசனா வீட்டு முன்னறைக்குள் போய்க் குமட்டிவிட்டு வந்தார்கள். சுலோசனா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “தொண்டையில ஒட்டடை அடிக்குது அந்தம்மா.”

மாலா உள்ளே போனதும் நிர்மலாதேவி கதவைச் சாத்தினார். மாலா வாயைத் திறந்தாள்.

“வேணாம்மா, மூடிக்க. உக்காரு.” குரல் தணிந்தது. “தொண்டை வலிக்குதா?”

தலையாட்டினாள்.

“கறந்து முடிச்சதும் மாட்டுக்கு ஏதாவது பண்ணுவியா?”

“ஒண்ணும் இல்ல மேடம். நெறைய குடுக்குற மாடு. கண்ணு பட்டுடக் கூடாதுன்னு மடியில தூ தூன்னு துப்பி, தடவிக் குடுத்துட்டு வருவேன்...” சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. “ஐயோ! நானா?”

“உன் தொண்டையில இருக்கிற கிருமிதான் மடியிலயும் இருக்கு.”

மாலா கைகூப்பினாள்.

“இனிமே திருஷ்டிக்கு நெட்டி முறி. துப்பாதே. இந்தச் சீட்டைக் காட்டினா ஆஸ்பத்திரியில மாத்திரை குடுப்பாங்க. பாதியில நிறுத்தாம சாப்பிடு. சரியாகுற வரைக்கும் வாயில துணி கட்டிக்க. சோப்பு போட்டுக் கை கழுவிட்டுக் கற. மாட்டு டாக்டர்கிட்ட நான் சொல்லிட்டேன். மடிக்கு மருந்து போட வருவார்.”

சீட்டை வாங்கிய பிறகுதான் மாலாவுக்கு அது உறைத்தது.

“இன்னும் குச்சியே விடலயே மேடம். எப்பிடி என் தொண்டையிலதான்னு...”

“போன வாரமே தெரியும்.”

“கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே?”

“உன்னை மட்டும் தனியா கூப்பிட்டா தெரு சும்மா இருக்குமா? வெளிய காதை வெச்சிட்டிருப்பாங்க. ஒரு தடவை சத்தமா குமட்டிடு.”

மாலாவுக்கு வந்தது அழுகை. வெளியே இருந்தவர்களுக்கு அது குமட்டலாகத்தான் கேட்டது.

நிர்மலாதேவி கிளம்பியதும் சுலோசனா மறுபடி ஆரம்பித்தாள். “பத்திரமா எடுத்து வெக்கக்கூடத் தெரியல. இதுல ஆராய்ச்சியாம்!”

“அவங்களத் திட்டாதீங்கக்கா.”

“ஏன்டி, உனக்கு இன்னா வந்துச்சு?”

மாலா முந்தானையை வாய்க்கு இழுத்துக் கட்டிக்கொண்டு, சாணி அள்ளக் கூடையோடு கொட்டாய்க்குள் போனாள்.