விழுந்து விழுந்து சிரித்தார்கள்

"ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துடுங்க" என்று காரிலேயே சொல்லியிருந்தாள் மனைவி.

ஆனால் காது கேளாதோர் பள்ளி விழா மேடையில் அவர் பேசப் பேச, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆபீசில் கொட்டாவியையே பார்த்துப் பழகிய மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சை ஒரு மணி நேரம் இழுத்தார்.

முடிந்ததும், "என் ஜோக்கையெல்லாம் சைகையில பிரமாதமா சொன்னீங்கம்மா" என்றார் ஆசிரியையிடம்.

"நான் கை வலிச்சு அப்பவே நிறுத்திட்டேன் சார். மேடையில உங்களுக்குப் பின்னாடி உக்காந்திருந்த உங்க வீட்டம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க, உங்க கழுத்தை நெரிக்கிற மாதிரி காட்டினாங்க. அதுக்குத்தான் சிரிச்சாங்க."

முன்வரிசைச் சிறுமி விரல்களால் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறா?"

"வீட்டுல இன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு உண்டான்னு."

மேலாளர் வாய் திறப்பதற்குள், மனைவி சிறுமியைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.