பிழைக்கும் சதவீதம்

பிழைக்க நாற்பது சதவீதமாவது வாய்ப்புள்ள குழந்தைக்குத்தான் ஆம்புலன்ஸ் மலையேறும். பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த ராமாயியின் விவரங்களைக் கிராம நர்ஸ் எஸ்தர், அந்த வாய்ப்பைக் கணக்கிடும் கருவியில் பதிந்தாள். ரத்தசோகை. ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீட்டர். முந்தைய குழந்தைகள் இரண்டும் வயிற்றிலேயே இறந்தவை. திரையில் முப்பத்தொன்று என்று வந்தது.

"வண்டி வருதா நர்சம்மா?" என்று முனகினாள் ராமாயி.

எஸ்தர் இறந்த குழந்தைகள் இரண்டையும் அழித்துவிட்டு, முதல் பிரசவம் என்று மாற்றினாள். எண் அறுபத்திரண்டுக்கு ஏறியது. ஒரு மணி நேரத்தில் வண்டி வாசலில் நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, "அறுபத்திரண்டா? இவங்களுக்கு அவசரமில்ல, கம்மியா இருக்கறவங்களுக்கு அப்புறம் கடைசியா பார்க்கலாம்" என்று நகர்ந்தார். எஸ்தர் அவர் பின்னால் ஓடி, கூசிக் குறுகி உண்மையைச் சொன்னாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "உண்மையைப் போட்டா நாற்பதுக்குக் கீழ போயிடும், ஆபரேஷன் தியேட்டர் கதவே திறக்காது. போடாட்டி வரிசையில கடைசி. எது வேணும், சொல்லுங்க சிஸ்டர்."

எஸ்தர் எண்ணை மாற்றாமலே கருவியைப் பைக்குள் வைத்தாள்.

முறை வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. குழந்தை அழவில்லை.

வார்டில் கருவியை எடுத்து எஸ்தர் இறப்பைப் பதியத் தொடங்கினாள். ராமாயி தலையைத் திருப்பிக் கேட்டாள்.

"எத்தனாவதுன்னு எழுதுறீங்க?"

"முதலாவதுன்னு." எஸ்தர் திரையிலிருந்து விரலை எடுத்தாள். "மூணுன்னே மாத்திடட்டுமா ராமாயி?"



"வேணாம் நர்சம்மா. ஒண்ணுன்னே இருக்கட்டும். அடுத்ததுக்கு வண்டி வரணுமில்ல."