திசையன்விளை வைத்தியம்

வைத்தியர் வீட்டுக் கொட்டகையின் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்ததில் சாம்பசிவத்துக்கு நிம்மதி. தலையில் சுற்றியிருந்த துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டார்.

வீட்டில் கார் நிற்க, பாளையங்கோட்டையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறித் திசையன்விளைக்கு வந்திருந்தார். பக்கத்துச் சீவலப்பேரியிலேயே ஒரு வைத்தியர் உண்டு. ஆனால் அங்கே போகிற டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் அவருக்கு வணக்கம் வைப்பார்கள். நாட்டு மருந்துக்குப் போனார் என்று ஒருவர் வாயில் விழுந்தால் போதும், அப்புறம் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. இங்கேயும் பெயர் எழுதும்போது வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிவைத்திருந்தார்.

விரல்கள் முடக்குவாதத்தில் வீங்கி இஞ்சித் துண்டுகள் மாதிரி ஆகியிருந்தன. ஆஸ்பத்திரி மாத்திரைகளில் அவர் விழுங்காதது இல்லை. எதற்கும் மசியவில்லை. அன்று காலை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றபோது, மனைவி மஹாலக்ஷ்மி வந்து போட்டுவிட்டாள். பிறகு, “இன்னிக்காவது போயிட்டு வாங்கோ” என்றாள். அதுதான் அவரைக் கிளப்பியது.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் லூர்து மேரி, உவரியில் கருவாட்டு மொத்த வியாபாரம் என்று கேட்காமலே சொன்னாள். பிறகு அவர் முகத்தை ஒரு பார்வை, கையை ஒரு பார்வை பார்த்தாள்.

“அண்ணாச்சிக்கும் முடக்குவாதமா?”

“ஆமா.”

“என்ன சோலி பாக்குதிய?”

“அரிசி மண்டி” என்றார் சாம்பசிவம்.

“அப்படியா. பொன்னி இப்ப என்ன வெல போவுது?”

“ஏறியிருக்கு.”

“எதுதான் ஏறல” என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

அதோடு நிறுத்த அவளால் முடியவில்லை.

“நான் திருநெல்வேலில பெரிய டாக்டர்ட்டதான் பாத்தேன். மாத்திரையாத் தின்னு வயிறு வெந்து, வாயெல்லாம் புண்ணாப் போச்சு. வீக்கம் மட்டும் வச்ச எடத்துல அப்படியே இருக்கு.”

சாம்பசிவம் வெளியே முருங்கைக் கிளையை எட்டிக் கடித்துக்கொண்டிருந்த ஆட்டைப் பார்த்தார்.

“அந்த மனுசன் வாய் இருக்கே. நாட்டு வைத்தியத்துக்குப் போகட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டுட்டேன். பச்சிலையத் திங்க நீ என்ன ஆடா மாடான்னுட்டாரு. ரேடியோலயும் இதத்தான் பேசுதாரு. எங்க வீட்டுக்காரரு அந்தக் கொரலக் கேட்டாலே ரேடியோவ அமத்திப் போடுவாரு.”

“டாக்டர்னா நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க” என்றார் சாம்பசிவம், கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக.

“நல்லதுக்குத்தான். கெட்டவருன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம சொல்லுதத முழுசாக் கேப்பாரு. முன்னெல்லாம் அவரு எழுத்து முத்து முத்தா இருக்கும். போன தடவ குடுத்த சீட்டு கோழி கிண்டுன மாதிரி கெடக்கு. மருந்துக் கடைக்காரரு தலகீழா வச்சுல்லாம் பாத்தாரு.”

சாம்பசிவம் மடியிலிருந்த பைக்கு அடியில் இரண்டு கைகளையும் செருகிக்கொண்டார். பேச்சை மாற்றவேண்டும் போலிருந்தது.

“இங்க குணம் தெரியுதா?”

கேட்ட பிறகுதான், எவ்வளவு ஆவலாகக் கேட்டுவிட்டோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

லூர்து மேரி வலது கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினாள். பாதி தூரம் மடங்கியது. அந்தப் பாதியைச் சாம்பசிவம் கண் இமைக்காமல் பார்த்தார்.

“போன மாசம் இதுவும் இல்ல. இப்ப பைய மடக்குதேன். தடவுத எண்ண நாத்தத்தக்கூடப் பொறுத்துக்கிடலாம், பத்தியந்தான் கொடும. கருவாடு விக்கவ கருவாடு தொடக் கூடாதாம். வீட்டுல எல்லாரும் தின்னுதாவ. நான் மோந்து பாத்துட்டுப் படுத்துக்கிடுதேன்.”

சாம்பசிவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் துண்டு நழுவித் தோளில் விழுந்தது. பதறிப்போய் எடுத்துச் சுற்றப் பார்த்தார். விரல்கள் துணியைப் பிடிக்க மறுத்தன.

லூர்து மேரியே அதை எடுத்துத் தலையோடு சுற்றி, கன்னத்து ஓரத்தில் செருகிவிட்டாள்.

“நல்லா மூடிக்கிடுங்க அண்ணாச்சி. காத்து அடிக்குல்லா.”

காற்று ஒன்றும் அடிக்கவில்லை. ஆனாலும் நல்ல மனுஷி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வைத்தியரின் மகள் வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள். “சங்கிலிபூதத்தான்.”

யாரும் எழுந்திருக்கவில்லை.

“திருநெல்வேலிலருந்து வந்த சங்கிலிபூதத்தான் யாரு? இருக்காவளா, போயிட்டாவளா?”

கொட்டகையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரப்பா அந்தச் சங்கிலிபூதத்தான் என்று சாம்பசிவமும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்.

லூர்து மேரி அவர் முழங்கையில் மெல்ல இடித்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“உங்களத்தான் கூப்பிடுதாவ, எந்திரிங்க டாக்டரய்யா.”