ஊதக் கூடாத நாள்

இன்று பொழுது சாய்ந்தால் யூதர்களின் புத்தாண்டு. நாளைக் காலை ஜெப ஆலயத்தில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊத வேண்டியவர் எலியாஹு. மாதம் முழுக்கக் காலைதோறும் ஊதி வந்தவருக்கு, நேற்றுச் சாயங்காலம் பொரிவிளங்காய் உருண்டையைக் கடித்ததில் முன்பல் போய்விட்டது. ஓட்டை வாயில் காற்று நிற்குமா என்று ஊதிப் பார்க்கவும் வழியில்லை. புத்தாண்டுக்கு முந்தைய நாள் கொம்பு மௌனமாக இருக்க வேண்டும் என்பது வழக்கம்.

அதை உதட்டில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

"உடைச்சுத் தர்றேன்னு சொன்னேன், கேட்டாத்தானே" என்றாள் மனைவி சிம்ஹா. "பேசாம பக்கத்து ஊர் தாவீதைக் கூப்பிடச் சொல்லுங்க. பொழுது சாஞ்சா பண்டிகை, அப்புறம் அவர் வண்டி ஏற மாட்டார்."

"இத்தனை வருஷம் நான்தானே ஊதினேன்?"

"பல்லோட ஊதினீங்க."

மதியம் சபைத் தலைவர் சாலமோன் வாசலில் வந்து நின்றார்.

"என்ன எலியாஹு, நாளைக்கு ஜமாய்ச்சிடுவேல்ல? படுத்த படுக்கையா இருக்கிற என் தம்பி, அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னு தூக்கிட்டு வரச் சொல்றான்."

சிம்ஹா கணவரைப் பார்த்தாள். எலியாஹு வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினார். சாலமோன் திருப்தியாகப் போனார். தாவீதுக்குச் சொல்லி அனுப்பாமலே பொழுதும் சாய்ந்தது.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில், நாற்காலியில் சாய்ந்திருந்த சாலமோனின் தம்பி கண்களை மூடிக் காத்திருந்தான். எலியாஹு கொம்பை உயர்த்தி உதட்டில் பொருத்தினார். மேல்மாடத்தில், பெண்கள் நடுவே நின்ற சிம்ஹாவின் கன்னங்கள் தாமாக உப்பின.